ஒரே மணி, ஐந்து நம்பர்

ஒரகடம் பம்ப் கம்பெனியின் சோதனைக்கூடத்துக்கு அன்றுதான் மாற்றலாகி வந்திருந்தார் மேனேஜர் இளங்கோவன். கம்ப்யூட்டரில் சோதனை ஃபைல் ஒன்றைத் திறந்ததுமே அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"இன்னாம்மா இது? பம்ப்புல தண்ணி எப்படி ஓடுதுன்னு பாக்க வுட்ட ஒவ்வொரு பிளாஸ்டிக் மணிக்கும் ஒரு நம்பர். கேமரா எத்தனை படம் எடுத்தாலும் அதே நம்பர்தானே வரணும்? இந்த ஒரு மணிக்கு அஞ்சு நம்பர் போட்டிருக்கு!"

"நடுவுல ஏதாவது ஒரு படத்துல மறைஞ்சிருது சார். திரும்பி வந்தா, சாஃப்ட்வேர் அதைப் புது மணின்னு ஃபைல்ல எழுதிருது," என்றாள் டெக்னீஷியன் தங்கமாரி.

"அநியாயமா இருக்கே! ஒரே ஒரு படத்துல காணோம்னா, அது அதுவரைக்கும் ஓடி வந்ததெல்லாம் இல்லைன்னு ஆயிடுமா?"

தங்கமாரி ஐந்தையும் ஒரே நம்பருக்குக் கீழே சேர்த்தாள். இரண்டே நிமிடம்.

அசந்துபோன இளங்கோவன், அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தார். வேலையில் சேர்ந்த தேதி: நேற்று.

"நேத்து சேர்ந்த பொண்ணா நீ? எங்கம்மா கத்துக்கின இதெல்லாம்?"

"இங்கனதான் சார்."

டிராயரைத் திறந்து, அதே முகம் ஒட்டிய நான்கு பழைய அட்டைகளை எடுத்து அவர் முன் வைத்தாள்.

"பதினோரு மாசத்துக்கு ஒருக்கா ஒரு நாள் வேலைய விட்டு நிப்பாட்டிட்டு, மறுநாள் புது ஆளுன்னு புது நம்பர் குடுக்காங்க. என்னோட அஞ்சையும் எப்ப சார் சேர்ப்பீங்க?"