மூன்றாவது குரல்

"உன் பேரு இன்னா?" என்று ஓடிக்கொண்டே கேட்டான் பக்கத்தில் வந்தவன்.

"கோவிந்தன். உன்னுது?"

"அமலநாதன். ஆலங்காயம்."

காலையிலிருந்து கோவிந்தனின் பேரைக் கேட்ட முதல் ஆள் அவன்தான். ஓட்டப் பந்தயத்துக்காக ஜமுனாமரத்தூர் மைதானத்தில் பனியன்மேல் துணி எண்ணைக் குத்திவிட்டதோடு நாற்பது பேரும் வெறும் எண்களாகிவிட்டார்கள்.

வேலூர் போலீஸ்காரர் ஒருவர் முதல் மைலிலேயே கண்ணுக்கு மறைந்துவிட்டார். அவருக்கு அடுத்தது இவர்கள்தான். இவர்கள் என்றால், பதினாலாம் எண்ணையும் சேர்த்து மூன்று பேர். அவன் ஓர் எட்டு பின்னாலேயே வந்தான். பேச்சில் கலந்துகொள்ளவில்லை. அவன் பேரைக் கேட்க இந்த இருவருக்கும் தோன்றவும் இல்லை.

முதல் மூன்று இடம் பிடித்தால் மெட்ராஸ் போட்டி. மெட்ராஸில் ஓடிய சர்டிபிகேட் இருந்தால் போலீஸில் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுபத்தொன்பதாம் வருஷத்தில் மலையெங்கும் பேச்சு. மிச்சம் இருப்பது இரண்டு இடம், ஆள் மூன்று.

கோவிந்தனுக்கு அந்த வேலை வேண்டும். இரண்டு வருஷமாகச் சாமை கைவிட்டுவிட்டது. பெண்டாட்டி நகையும் போய், இனி விற்க ஆடுதான் பாக்கி.

பேசிக்கொண்டே ஓடினால் மூச்சு ஒரு சீராக வரும் என்றான் அமலநாதன். கோவிந்தனும் வாய் மூடவில்லை. பள்ளத்தை ஒட்டிய ஒற்றையடிப் பாதை வந்ததும், மலைக்காரன் என்ற மிதப்பில், இந்தக் கீழ்நாட்டானைக் கொஞ்சம் மிரட்டிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

"பனில யார்னா பேர் சொல்லிக் கூப்புட்டா ஏன்னு கேக்காத. காத்து கருப்பு ரெண்டு தரத்துக்கு மேல கூப்புடாது. மூணாவது தரமும் கூப்புட்டாத்தான் மனுசன்."

அமலநாதன் சிரித்தான். "எங்க வூட்ல மூணாவது தரம் கூப்புட்ற வரைக்கும் நின்னா ஒத வுழும்."

பின்னாலிருந்து பதினாலாம் எண் "ம்" என்றான். அவர்கள் பேச்சில் அவன் கலந்துகொண்டது அவ்வளவுதான்.

பனி இறங்கியது. நீட்டிய கை தெரியவில்லை. அமலநாதன் வேகத்தைக் கூட்டினான்; அவன் முதுகு காணாமல் போய்க் காலடி மட்டும் முன்னால் கேட்டது. பின்னாலும் ஒரு காலடி கேட்டது. பிறகு கல் சரியும் சத்தம். அதற்கப்புறம் பின்னால் காலடி இல்லை.

"கோவிந்தா."

கீழேயிருந்து வந்த மாதிரி இருந்தது. கேட்டுப் பழகிய குரல் இல்லை. கோவிந்தனுக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது.

"கோவிந்தா."

ஓட்டத்தைத் தளர்த்தினான். ஆனால் நிற்கவில்லை. மனுசனாக இருந்தால் இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டான். பயம் பாதி, மூன்றாம் இடம் பாதி. எது எவ்வளவு என்று பிற்பாடும் அவனால் பிரிக்க முடியவில்லை.

மூன்றாவது தரம் அவன் பேர் வரவில்லை.

அப்பாடா என்று ஓடினான்.

அமலநாதன் இரண்டாவதாக வந்தான், கோவிந்தன் மூன்றாவதாக. யாரோ முதுகில் தட்டினார்கள், யாரோ குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசி ஆளும் நொண்டிக்கொண்டு வந்து சேர்ந்த பிறகு, பட்டியலில் கோடு போட்டுக்கொண்டிருந்த வாத்தியார் பேனாவை நிறுத்தினார்.

"பதினாலு எங்க? செங்கம் பழனி?"

அமலநாதன் டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தில் ரத்தமில்லை.

"கோவிந்தா, எம் பேரு கேட்டுச்சுப்பா. ஒரே தரம். நீ சொன்னியேன்னு திரும்பல."

அந்தக் குரல் கோவிந்தன் காதிலும் விழுந்திருந்தது. இரண்டு தரம் கோவிந்தா. மூன்றாவது தரம் அமலநாதா. தன் பேர் இல்லை, தனக்கில்லை என்றுதான் அவன் ஓடி வந்தான்.

பழனி ஒழுங்காக மூன்று தரம் கூப்பிட்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த பேர் இரண்டுதான். இரண்டையும் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறான்.

உச்சிப்பொழுதாகியும் பள்ளத்தில் பனி விலகவில்லை. கயிற்றைப் பிடித்து இறங்கிய வனக்காவலர் மேலே வந்து தலையை ஆட்டினார். உயிர் போய் நேரமாகிவிட்டது என்றார். தூக்க ஆள் கூட்டிவர அவரும் மற்றவர்களும் போனார்கள். விளிம்பில் இவர்கள் இருவரும் நின்றார்கள்.

கோவிந்தனுக்கு நெஞ்சு தாங்கவில்லை. குனிந்து அந்த வெள்ளையைப் பார்த்து, "பழனி" என்றான். அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது அதுதான் முதல் தடவை.

ஓர் இலைகூட அசையவில்லை.

"பழனி."

இன்னொரு தரம் கூப்பிட மூச்சை இழுத்தான். அமலநாதனின் கை வந்து அவன் வாயைப் பொத்தியது.

"வேணாம்பா. மூணாவது தரமும் கூப்புட்டா, ஏன்னு கேட்டுடுவான்."