தெளிந்த தண்ணீர்
சலவைக்கடையின் பின்வாசலில் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி குனிந்து, சாக்கடையில் விழும் கழிவுநீரைக் கண்ணாடிக் குப்பியில் பிடிக்கிறார். வடிகட்டிக்குப் போகும் குழாய் காலையில்தான் விரிசல் விட்டது. அதை அடைக்காமல் விட்டால் நுரை நேரே சாக்கடைக்குப் பாயும். சுவருக்கு அந்தப் பக்கம் கடைக்காரரின் மனைவி முந்தானையைச் சுருட்டி, விரிசலை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டிருக்கிறாள். கொதிநீர் முழங்கைவரை வழிகிறது. “பசுமைச் சான்றிதழ் இல்லேன்னா ஆஸ்பத்திரித் துணி ஆர்டரெல்லாம் கைவிட்டுப் போயிடும் சார்,” என்கிறார் கடைக்காரர். அதிகாரி குப்பியை வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். நுரையே இல்லை. “நல்லாத்தான் இருக்கு. இன்னொரு தரம் மெஷினை ஓட விடுங்க, பாத்துடலாம்.” கடைக்காரர் சுவிட்சின் மேல் விரலை வைக்கிறார். “விடட்டுமா?” என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறார். “யாரைக் கேக்கறீங்க?” அதிகாரி நிமிர்கிறார். சுவருக்குப் பின்னாலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு குரல் வருகிறது: “விடுங்க.”