மூன்று படங்களும் ஒன்றாகும்போது

நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலை மலையின் விளிம்பில், முக்காலியின் மீது கமரா நிற்கிறது. கிருஷ்ணராஜ் இப்போதுதான் எச்.டி.ஆர். படம் எடுக்கப் பழகுகிறான். ஒரே காட்சியை மூன்று வெளிச்ச அளவில் எடுக்க வேண்டும்: வானத்துக்கு ஒரு படம், மலைக்கு ஒன்று, நிழலில் கிடக்கும் லயத்து வீடுகளுக்கு ஒன்று. மூன்றையும் போனில் சேர்த்தால் எதுவும் இருட்டில் போகாது. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மனைவி சஞ்சீவனி கேட்டிருக்கிறாள்: "பொழுது எறங்குறப்ப நம்ம மலையப் பாக்கணும். நீங்களும் அதுல நிக்கணும்." மூன்றையும் கமரா தானாக எடுக்க டைமரை அழுத்திவிட்டு ஓடிப்போய்ச் செடிகளுக்கு நடுவே நிற்கிறான். அவள் வாங்கி அனுப்பிய நீலச் சட்டை, மடிப்புக் கலையாமல். மேற்கு முழுவதும் செம்மஞ்சளாகக் கனிந்திருக்கிறது. கீழே ரயில் கூவுகிறது. கமரா ஒருமுறை சொடுக்குகிறது. காலையில் பெய்த மழை ஈரத்தில் கணுக்காலில் அட்டை ஏறிவிட்டது. தன்னை மறந்து குனிந்து பிய்த்தெறிகிறான். அதற்குள் மற்ற இரண்டு சொடுக்குகளும் கேட்டுவிடுகின்றன. போனில் சேர்த்துப் பார்க்கிறான். வானம் இருக்கிறது, மலை இருக்கிறது, லயத்து வாசலில் காயும் துணிகள்கூடத் தெளிவாக இருக்கின்றன. அசைந்ததை மட்டும் போன் துடைத்துவிட்டிருக்கிறது. அவன் நின்ற இடத்தில் தேயிலை. இன்னொரு முறை எடுக்க வெளிச்சம் இல்லை, அப்படியே அனுப்புகிறான். உடனே அவள் அழைக்கிறாள். "ரொம்ப அழகா இருக்குங்க. ஒங்களத்தான் காணோம்." "படம் புடிச்சதே நாந்தானே, அதான்," என்கிறான். அட்டை கடித்த இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் செருப்பில் இறங்குகிறது.