ஊஞ்சல் நடை

சபேசன் மணிக்கட்டில், நடையை எண்ணும் பட்டை ஒன்று ராஜபோகமாகக் குடியிருந்தது. அவர் ஊஞ்சலில் ஆடினாலும் அதற்கு நடைதான். பஜனையில் கை தட்டினாலும் நடைதான். தினமும் பத்தாயிரம் ஸ்டெப். குடியிருப்பின் நடைக் குழுவே அவரைக் கொண்டாடியது.

வாசல் அலமாரியிலிருந்த ஷூ ஒருநாள் கேட்டது: "ஏன் தம்பி, அவர் அவ்வளவு நடந்தா நான் தேய்ஞ்சிருக்கணுமே? என் அடியில ஒட்டின விலைச்சீட்டுகூட இன்னும் உரியலையே!"

பட்டைக்குச் சுருக்கென்றது. புது மென்பொருளை இறக்கிக்கொண்டு, ஆட்டம் எது, தட்டல் எது, நடை எது என்று பிரித்தறியக் கற்றது. மறுநாள் மாலை பெருமையோடு காட்டியது: நானூற்றுப் பன்னிரண்டு.

சபேசன் அதைத் தட்டினார், உதறினார், மனைவியைக் கூப்பிட்டார். "மரகதம், இது கெட்டுப்போச்சு. நல்லதா ஒண்ணு வாங்கணும்."

பட்டை ஷூவின் பக்கத்தில் வந்து விழுந்தது. "அண்ணே, இப்பத்தானே நான் சரியாச் சொல்ல ஆரம்பிச்சேன்!"

"சத்தம் போடாதே," என்றது ஷூ. "கீழ்த்தட்டுல எடை பார்க்கிற மெஷின் தூங்குது. அது வந்த நாள்லயே சரியாச் சொல்லிடுச்சு."