வீட்டில் இருவர்

கட்டடத்தின் நலம் காக்க, அந்த அடுக்குமாடியின் எல்லாத் தரைகளிலும் பாரத்தை அளக்கும் சென்சார்கள் பதித்திருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று ஹால் பலகை காட்டும். மனைவி மல்லிகாவை ஆஸ்பத்திரியில் பறிகொடுத்துவிட்டுத் திரும்பிய தணிகாசலத்துக்கு, அதில் "ஒருவர்" என்று பார்க்கச் சகிக்கவில்லை. அவள் எடைக்கு அரிசி மூட்டை வாங்கி, ஜன்னலோரம் இருந்த அவளுடைய நாற்காலியில் வைத்தார். பலகை "இருவர்" என்றது.

மூன்று மாதம் கழித்துக் கண்காணிப்பு அறையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், உங்க ஹால்ல ஜன்னலோரம் ஒரு பாரம் மாசக்கணக்கா நகரவே இல்ல. தரைக்கு நல்லதில்ல."

"என் சம்சாரம்தாம்மா. டி.வி. முன்னாடி உக்காந்தா எழுந்திருக்கவே மாட்டா."

அவள் சிரித்துவிட்டாள். "கொஞ்சம் நடக்கச் சொல்லுங்க சார். இல்லேன்னா நாங்க நேர்ல வந்து பார்க்கணும்."

போனை வைத்ததும், மூச்சு வாங்க மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டார். பலகை "ஒருவர்" என்றது. பதறிப்போய்க் கீழே இறக்கினார். மறுபடியும் "இருவர்".

மூட்டையின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தரையோடு மெல்ல இழுத்தார்.

"பால்கனி வரைக்கும்தான், மல்லி. அவசரமில்ல, மெதுவா வா."