வாசலை மூடிய இலை

கட்டெறும்பு கருப்பாயியின் மகன் வீரையன் புற்றின் படையில் இருந்தான். ஒருநாள் படைத்தலைவர்கள் விசாரணை என்று அவனை உள்ளே கூட்டிப்போய், வாசலை இலையால் மூடிவிட்டார்கள்.

"எம்புள்ள என்ன தப்பு பண்ணினான், தம்பி?" என்று வாசலில் நின்ற காவல் எறும்பைக் கருப்பாயி கேட்டாள்.

"படை விஷயம்மா. வெளியே பேசக்கூடாது. வீட்டுக்குப் போங்க."

அவள் போகவில்லை. எதிரே வந்த ஒவ்வொரு எறும்பிடமும், எறும்புகளின் வழக்கப்படி முகத்தோடு முகம் முட்டி, நடந்ததைச் சொன்னாள். கேட்டவர்கள் நகரவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"தப்பிருந்தா தண்டிங்கய்யா. ஆனா எங்க காதுபட விசாரிங்க!" என்றாள்.

காவல் எறும்பு மூடிய இலையைப் பார்த்தது, கூட்டத்தைப் பார்த்தது.

"நாளைக்கு என்னையும் இப்படித்தானே மூடிவைப்பாங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே இலையை இழுத்து அப்பால் போட்டது.

உள்ளிருந்து வீரையனின் குரல் எல்லோர் காதிலும் விழுந்தது. என்ன சொல்லப்போகிறானோ என்று கருப்பாயி கூட்டத்தை விலக்கி முன்னே வந்தாள். 'சாமி, துணைக்கு இரு' என்று வேண்டிக்கொண்டு, இன்னும் கிட்டத்தில் போய் நின்றாள்.