அச்சாகாத மாத்திரை

அவரவர் உடம்புக்கேற்ப மாத்திரை அச்சடிக்கும் இயந்திரம் கூடலூருக்கும் வந்துவிட்டது. மருந்து எழுதும் உரிமை பெற்ற செவிலியர் மரகதவல்லி, ஒற்றைத் தலைவலியில் துடித்த செங்கமலத்தின் ரத்தத்தை ஒரு சொட்டு அதில் விட்டாள். இயந்திரம் காரணம் காட்டாமல் பாதியில் நின்றது.

"மறுபடி அமுக்குங்க சிஸ்டர், உயிரே போகுது!"

தடையை மீறி அச்சடிக்கும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. மரகதவல்லி அதைத் தொடவில்லை. இந்த மருந்து யாருக்கெல்லாம் ஆகாது என்று யோசித்துப் பார்த்தாள்.

"அக்கா, நாள் தள்ளிப் போயிருக்கா?"

"எப்பவும் அப்படித்தாங்க. பன்னெண்டு வருஷமா ஏமாந்தாச்சு."

மரகதவல்லி உடனே தனியாகப் பரிசோதித்தாள். முடிவைப் பார்த்ததும் செங்கமலத்தின் கைகளைப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, உண்டாயிருக்கீங்க! இந்த மாத்திரை குழந்தைக்கு ஆகாது. வேற தரேன்."

செங்கமலம் அவளைக் கட்டிக்கொண்டு அழுதபடியே சிரித்தாள்.

"ஒண்ணும் வேணாம் சிஸ்டர், வலிச்சா வலிக்கட்டும்!"